மைக்செட்டின் மூன்றாவது கம்பி

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் விரிந்திருக்கும் சரவணம்பட்டி, 2011-இல் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை தனிப் பேரூராட்சியாக இருந்தது. இன்று தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் கல்லூரிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் பகுதியாக அது மாறிவிட்டாலும், பூச்சாட்டில் தொடங்கி மஞ்சள் நீராட்டில் முடியும் மாரியம்மன் நோம்பி, வள்ளி கும்மி அரங்கேற்றம், கல்லூரிக் கலைவிழா, மண்டபத் திருமண வரவேற்பு என ஒலிபெருக்கி வேண்டப்படும் நிகழ்வுகளுக்கு அங்கே குறைவில்லை. இவை அனைத்திற்கும் ஒலியமைப்பைக் கட்டுவோரை ஊர் மக்கள் இன்றும் மைக்செட்காரர் என்றே அழைக்கின்றனர். அவருடைய வேலை பாட்டு எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது; ஆனால் அவ்வேலையின் தரத்தை உண்மையில் காட்டுவது, எந்த ஒலியையும் தராத, எவர் கண்ணிலும் படாத ஒரு கம்பி. தரையோடு இணைக்கப்படும் அந்த மூன்றாவது கம்பியைத்தான் மின்பணியாளர்கள் எர்த் என்கின்றனர்.

ஒலியமைப்பு என்பது ஒரு சங்கிலி. பேசுபவரின் குரல் காற்றில் உண்டாக்கும் அழுத்த மாற்றத்தை ஒலிவாங்கி, அதாவது மைக், ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ள மின்குறியாக மாற்றுகிறது. பல மைக்குகளின் குறிகளை மிக்சர் கலந்து சீராக்க, ஆம்ப்ளிஃபயர் அக்குறியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கி ஒலிப்பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டிக்குள் காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருள், தன்னோடு ஒட்டிய கூம்பை முன்னும் பின்னும் தள்ளி மீண்டும் காற்றை அதிரச் செய்கிறது. இச்சங்கிலியின் ஒரு முனையில் பாடகரின் உதடு மைக்கின் உலோக வலையைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் 230 வோல்ட் மின்சாரம் நுழைகிறது. மற்ற மின்கருவிகளைப் பெரும்பாலும் உலர்ந்த கையால் சில நொடிகள் மட்டும் தொடுகிறோம்; மைக்கையோ வியர்த்த கையால் மணிக்கணக்கில் பிடித்து வாயருகே வைத்திருக்கிறோம். மேடையில் மின்பாதுகாப்பு வீட்டைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மின்சாரம் ஃபேஸ் கம்பி வழியே கருவிக்குள் வந்து நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. ஆம்ப்ளிஃபயரின் உள்ளே ஃபேஸ் கம்பியின் உறை தேய்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டால், பெட்டி முழுவதும் 230 வோல்ட்டுக்கு ஏறுகிறது. பெட்டி எர்த் கம்பியால் தரையோடு சேர்க்கப்பட்டிருந்தால் மின்சாரம் அவ்வழியே பாய்ந்து ஃபியூஸை எரிக்கும் அல்லது எம்சிபி என்னும் தானியங்கி விசையைத் துண்டிக்கும் என்பதே பரவலான நம்பிக்கை. நல்ல எர்த் உள்ள கட்டடத்தில் இந்நம்பிக்கை பெரும்பாலும் மெய்யாகிறது. நோம்பித் திடலில் அது பொய்த்துப்போவதைச் சிறு கணக்கு ஒன்றே காட்டிவிடும். கோவைப் பகுதியில் பல இடங்களில் சில அடி மண்ணுக்குக் கீழே கெட்டியான பாறை கிடக்கிறது. கோடையில் காய்ந்துபோன அந்த மேல்மண்ணில் அவசரமாக அடிக்கப்பட்ட ஓர் இரும்புக் கம்பியின் மின்தடை 50 ஓம் இருப்பதில் வியப்பில்லை. 230 வோல்ட்டை 50 ஓமால் வகுத்தால் 4.6 ஆம்பியர் மட்டுமே பாயும். 16 ஆம்பியருக்கு மேல் பாய்ந்தால்தான் துண்டிக்கும்படி அமைந்த எம்சிபி இந்தக் கசிவை ஒரு சாதாரண விளக்குச் சுமையாகவே கருதி வாளாவிருக்கும். எர்த் போட்டாயிற்று என்ற மனநிறைவோடு அனைவரும் இருக்க, ஆம்ப்ளிஃபயரின் பெட்டியும் அதனோடு இணைந்த உலோகச் சட்டங்களும் இரவு முழுவதும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தில் நின்றுகொண்டிருக்கும்.

ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்கும் மனித உடலின் மின்தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், அத்தகைய பெட்டியைத் தொடுபவர் உடலில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிய மின்னோட்டம் சிறிது நேரம் நீடித்தாலே தசைகள் இறுகிப் பிடியை விடமுடியாமல் போவதும், மூச்சு தடைப்படுவதும், இதயத் துடிப்பு ஒழுங்கு குலைவதும் நேரலாம். ஆகவே ஆம்பியர் கணக்கில் விழித்துக்கொள்ளும் எம்சிபி கருவியையும் கம்பியையும் காக்குமேயன்றி மனிதரைக் காக்காது. மனிதரைக் காப்பது ஆர்சிசிபி எனப்படும் கசிவு விசை. ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதை அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அந்த மின்சாரம் வேறு எங்கோ, ஒருவேளை ஓர் உடலின் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு அதிகமானால் நொடியின் 25-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் இது நிகழ்கிறது. முன்னே கணக்கிட்ட 50 ஓம் எர்த்துடன் இவ்விசையும் சேர்ந்திருந்தால், 4.6 ஆம்பியர் கசிவு அதற்குப் பேரிடி போன்றது. எவரும் தொடுவதற்கு முன்பே மின்சாரம் நின்றிருக்கும். தற்காலிகத் திடலில் எர்த் சிறப்பாக அமைவது அரிது என்பதால்தான் அங்கே இவ்விசை இன்றியமையாததாகிறது.

ஜெனரேட்டர் வந்து சேரும்போது இன்னொரு நுட்பம் சேர்கிறது. மின்வாரியத்தின் இணைப்பில் நியூட்ரல் கம்பி மின்மாற்றியடியிலேயே தரையோடு பிணைக்கப்பட்டிருப்பதால், மண்ணுக்குள் கசிந்த மின்சாரம் திரும்பிச் செல்ல வழி உண்டு. லாரியில் வந்திறங்கும் ஜெனரேட்டரின் நியூட்ரலைத் தரையோடு பிணைக்காமல் விட்டால் அந்த வழி இல்லை. ஆகவே கசிவு நேர்ந்தாலும் ஆர்சிசிபி அதை அறியாது. முதல் கசிவு எந்த அடையாளமும் காட்டாமல் மறைந்திருந்து, வேறொரு கருவியில் இரண்டாவது கசிவு நேரும்போது இரண்டும் சேர்ந்து தாக்கும். மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பியே நடுவில் கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு. அப்போது வெவ்வேறு ஃபேஸ்களில் உள்ள சுமைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். குறைந்த சுமையுள்ள பக்கத்துக்கே அதிக வோல்ட் போய்ச் சேருவதால், ஒரு ஃபேஸில் கனமான ஃபோகஸ் விளக்குகளும் மற்றொன்றில் மிக்சரும் இருக்கும் மேடையில் முதலில் புகைவது மிக்சராகவே இருக்கும். நியூட்ரல் முனையை முறுக்கிக் கட்டி டேப் சுற்றுவதும், சரியான முனைப்பியில் திருகி இறுக்குவதும் ஒன்றல்ல.

எர்த் கம்பி வேண்டுமென்றே துண்டிக்கப்படும் வேளைதான் இக்கட்டுரை மிகவும் வலியுறுத்த விரும்புவது. மிக்சர் திடலின் பின்புறம் ஓர் இணைப்பிலும் ஆம்ப்ளிஃபயர் மேடையடியில் வேறோர் இணைப்பிலும் மின்சாரம் எடுக்கும்போது, இரண்டு எர்த்துகளுக்கும் இடையில் சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அவ்வேறுபாடு மைக் கேபிளின் உறைக்கம்பி வழியே நொடிக்கு 50 முறை அலைபாய்வதால் ஒலிப்பெட்டியில் ஓயாத ரீங்காரம் எழுகிறது. பிளக்கிலுள்ள பருத்த மூன்றாவது முனையைக் கழற்றினால் ரீங்காரம் அக்கணமே நின்றுவிடும். அதனால் இது ஒரு கைத்தொழில் நுணுக்கம்போலப் பரவிவிட்டது. நின்றது ரீங்காரம் மட்டுமல்ல, அக்கருவியைத் தொடும் அனைவருக்கும் இருந்த காப்பும்தான். 1972 மே 3 அன்று, ஸ்டோன் தி குரோஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, பிரிட்டனின் சுவான்சி நகர மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத ஒரு மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். கிதாரின் தந்திகள் ஒரு கருவியின் பெட்டியோடும் மைக்கின் உடல் மற்றொரு கருவியின் பெட்டியோடும் கேபிள் வழியே இணைந்திருப்பதால், ஒரு பெட்டியில் கசிவும் மற்றொன்றில் எர்த்தும் இருந்தால் இரண்டையும் இணைக்கும் கம்பியாகக் கலைஞரின் உடலே ஆகிவிடுகிறது. ரீங்காரத்துக்கு மருந்து வேறு: மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே பகிர்வுப் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுப்பது, அது இயலாதபோது ஒலிக்குறி செல்லும் பாதையில் தனிப்படுத்தும் சிறு மின்மாற்றியை இடையில் வைப்பது. இரண்டுமே எர்த்தைத் தொடாத தீர்வுகள்.

ஒலிப்பெட்டிக்குச் செல்லும் கம்பியில் பாட்டுதான் போகிறது, மின்சாரம் போவதில்லை என்பது போன்ற ஓர் எண்ணமும் நிலவுகிறது. 8 ஓம் பெட்டிக்கு 1000 வாட் அளிக்கும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு 89 வோல்ட்டைத் தொடும். தெருநெடுகக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டுவதற்குப் பயன்படும் நீள்தொலைவு முறையிலோ, மெல்லிய கம்பியில் ஆற்றல் வீணாகாதிருக்க ஆம்ப்ளிஃபயரே 100 வோல்ட்டாக உயர்த்தி அனுப்ப, ஒவ்வொரு குழாயிலும் உள்ள சிறு மின்மாற்றி அதைக் குறைத்துக்கொள்கிறது. ஆகையால் இக்கம்பிகளின் இணைப்பு முனைகளும் குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு மூடப்பட வேண்டும். மின்சாரம் எடுத்துச் செல்லும் கம்பியின் பருமனும் முக்கியம்: 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 100 மீட்டர் இழுத்து 10 ஆம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 15 வோல்ட் வழியிலேயே இழக்கப்பட்டு, 150 வாட் வெப்பமாக மாறும். நீளவாட்டில் கிடந்தால் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். மிச்சக் கம்பியைச் சுருளாகவே விட்டு அதன்மேல் பந்தல் துணியும் கிடந்தால் உறை உருகித் தீப்பற்றும்.

இதுவரை கூறிய காப்புகள் எவற்றாலும் தடுக்கமுடியாத ஆபத்து தலைக்கு மேலே செல்லும் உயரழுத்தக் கம்பி. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் மாவட்டம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசியதால் 11 பேர் உயிரிழந்தனர். கம்பியில் உரசாமலே வண்டி ஆபத்தாவதும் உண்டு: அதே ஆண்டு ஜூலை 31 இரவு மேற்கு வங்கத்தின் கூச் பெஹார் மாவட்டத்தில், பக்தர்களை ஏற்றிச் சென்ற வண்டியில் மின்சாரம் பாய்ந்து 10 பேர் இறந்தனர். ஒலிக்கருவிகளுக்காக வண்டியின் பின்புறம் பொருத்திய ஜெனரேட்டரின் கம்பிகளே காரணமாக இருக்கலாம் என்று காவல்துறை தெரிவித்தது. நகர்ந்து செல்லும் வண்டியில் மண்ணோடு எர்த் இணைப்பு இருக்காது, தகரத் தளமோ அனைவர் காலடியிலும் இருக்கும். ஊர்வலப் பாதையை முந்தைய நாளே நடந்து பார்த்து, வண்டியின் மீது அடுக்கிய ஒலிப்பெட்டிகளின் உச்சியை அளந்து, மின்வாரிய அலுவலர்களிடம் தெரிவித்து, அந்நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் செய்வதைத் தவிர உயரழுத்தக் கம்பியிலிருந்து தப்பக் குறுக்குவழி கிடையாது.

மின்சாரத்துக்கு அடுத்த ஆபத்து எடை. ஒலிப்பெட்டியை உயரத்தில் ஏற்ற வேண்டிய தேவை காதின் நலனிலிருந்தே எழுகிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. பெட்டியைத் தரையிலேயே வைத்தால், 2 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் 64 மீட்டரில் நிற்பவருக்கும் இடையே 5 இரட்டிப்புகள், அதாவது 30 டெசிபல் வேறுபாடு உண்டாகும். பின்வரிசைக்கு 80 டெசிபல் வேண்டுமென்றால் முன்வரிசை 110 டெசிபலைத் தாங்க வேண்டும். அதே பெட்டியைக் காது மட்டத்திலிருந்து 8 மீட்டர் உயர்த்திச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் முன்வரிசைக்கும் தொலைவு 8 மீட்டரைத் தாண்டுவதால், வேறுபாடு ஏறத்தாழ 18 டெசிபலாகச் சுருங்கும். முன்வரிசைக் காதில் விழும் ஒலியாற்றல் 16-இல் ஒரு பங்காகிவிடும். நோம்பிகளில் முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்வது குழந்தைகள் என்பதை நினைத்தால் இக்கணக்கின் கனம் புரியும்.

ஆனால் காதைக் காக்க உயர்த்திய பெட்டியே தலைக்கு மேல் தொங்கும் சுமையாகிறது. 100 கிலோ பெட்டியை இரு கயிறுகளில் தொங்கவிடும்போது ஒவ்வொன்றும் 50 கிலோ தாங்கும் என்று கொள்வது, கயிறுகள் நேர்செங்குத்தாக இருந்தால் மட்டுமே சரி. அவை விரிந்து, செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு கயிறும் முழு 100 கிலோவைச் சுமக்கிறது. இன்னும் விரித்தால் அதற்கும் மேலே போகும். ஆகவே தாங்குதிறன் பொறிக்கப்பட்ட கொக்கிகளும் எஃகு வடங்களும் மட்டுமே பயன்பட வேண்டும். முதன்மைக் கொக்கி நழுவினாலும் பெட்டியைப் பிடித்து நிறுத்த, தளர்வின்றிக் கட்டிய இரண்டாவது எஃகு வடமும் வேண்டும். சவுக்குக் கட்டையும் நார்க்கயிறும் பந்தலுக்குப் பொருந்தும், ஒலிப்பெட்டிக்குப் பொருந்தா.

சரவணம்பட்டியில் எடையைப் பற்றிப் பேசும்போது காற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பிளந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் கோவைச் சமவெளி எங்கும் வீசுகிறது. சித்திரையிலும் வைகாசியிலும் கோடைமழைக்கு முன்னே திடீர்ச் சூறையும் கிளம்புவதுண்டு. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப்படி வளர்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது சுமார் 6 கிலோ எடைக்கு நிகராகத் தள்ளினால், வேகம் 72 ஆகும்போது அது 12 அன்று, 25 கிலோவாகிறது. ஒலிப்பெட்டிக் கோபுரத்தில் 24 சதுர மீட்டர் வாழ்த்துப் பேனர் ஒன்றைக் கட்டிவிட்டால், அத்தகைய காற்றில் 600 கிலோ எடைக்கு நிகரான விசை கோபுரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பெட்டிகளின் எடையை மட்டும் கணக்கிட்டு நிறுத்திய கோபுரம் பேனரினால் சாயும். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் பொருட்காட்சியில் புயலுக்கு முன்வந்த சூறை மேடையின் மேற்கட்டமைப்பைச் சாய்த்தபோது 7 பேர் உயிரிழந்தனர். காற்று எந்த அளவைத் தொட்டால் பெட்டிகளை இறக்க வேண்டும், எப்போது கூட்டத்தை விலக்க வேண்டும், அம்முடிவை எடுப்பவர் யார் என்பன நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். தலைமை விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும்போது கூடி முடிவெடுக்கக்கூடியவை அல்ல அவை.

உயர்த்துவதற்கு மாற்றாக, சிறு பெட்டிகள் பலவற்றைக் கூட்டத்தின் நெடுகப் பரப்பி, ஒவ்வொன்றையும் மெதுவாக ஒலிக்கவிடும் வழியும் உண்டு. இதில் ஒரு சிக்கல் எழும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால் மேடைப் பெட்டியின் ஒலி 34 மீட்டர் கடக்க நொடியின் பத்தில் ஒரு பங்கு எடுக்கிறது. கம்பி வழிச் செல்லும் குறியோ கணத்தில் போய்விடுகிறது. பின்னால் உள்ள பெட்டி முந்திக்கொண்டு ஒலித்தால் ஒரே சொல் இரண்டாகக் கேட்கும். 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற தேக்கம்பட்டி பத்திரப்பன் போன்ற ஆசிரியர்கள் வளர்த்தெடுத்த வள்ளி கும்மியில், வட்டமாகச் சுற்றும் பல நூறு பேரின் அடியும் பாட்டின் தாளத்தில் ஒன்றாக விழ வேண்டும் என்பதால் இந்தப் பிசகு உடனே காலில் தெரியும். பின்பெட்டிக்குச் செல்லும் குறியை மிக்சரிலேயே தொலைவுக்கேற்ப நொடியின் சிறு பங்கு தாமதிக்கச் செய்தால் இது தீரும். இன்றைய டிஜிட்டல் மிக்சர்களில் அவ்வசதி இயல்பாகவே உள்ளது. ஒலியளவைக் கூட்டித் தெளிவை வாங்கமுடியாது, பெட்டியை நெருக்கி வைத்தால் வாங்கலாம்.

அகச்செவியில் அதிர்வை நரம்புக்குறியாக மாற்றும் மயிர்க்கலங்கள் ஒரு காதுக்கு 15,000 அளவிலேயே உள்ளன. அழிந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்றும், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் தொழிற்சுகாதார அறிஞர்கள் வகுத்துள்ள கணக்கின்படி, 100 டெசிபலுக்கு 15 நிமிடமும் 110 டெசிபலுக்கு ஒன்றரை நிமிடமுமே மிஞ்சும். நிகழ்ச்சி அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரம், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்கிறது. திடலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்து, எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி கூடாது என்றும், பொது இடத்தின் எல்லையில் ஒலி அப்பகுதியின் வரம்புக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதை மீறலாகாது என்றும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிக்கலாகாது என்றும் விதிக்கின்றன. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று அளித்த தீர்ப்பும் இரவுநேரத் தடையை வலியுறுத்தியது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம் என்பதால், ஊர்த்திடலாக இருந்த இடத்தைச் சுற்றிக் கட்டடங்கள் எழுந்துவிட்ட சரவணம்பட்டி போன்ற பகுதியில் குழாய்களின் வாயை எத்திசைக்குத் திருப்புவது என்பதே சட்டக் கேள்வியாகிவிட்டது.

மோட்டாரும் பம்ப்செட்டும் செய்து நாடெங்கும் அனுப்பும் கோயம்புத்தூரில் எர்த் என்ற சொல்லை அறியாதவர் இல்லை. கிணற்றடி மோட்டாருக்கு உப்பும் கரியும் இட்டு எர்த் போடுவதைக் கொங்கு உழவர் தலைமுறைகளாகக் கண்டு வருகின்றனர். அந்த அறிவு திடலுக்கு வந்து சேர்வதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் நேரமின்மை. மாலையில் நிகழ்ச்சி என்றால் மதியம் வண்டி வந்து, பெட்டிகள் இறங்கி, பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. எர்த் அளப்பதற்கும் கொக்கி பார்ப்பதற்கும் எவரும் நேரம் ஒதுக்குவதில்லை, கூலியும் ஒதுக்குவதில்லை. குறைந்த தொகை சொல்பவருக்கே வேலை என்னும்போது, முதலில் வெட்டப்படுவது ஒலி தராத பொருள்களே.

ஆகவே வேண்டுகோள் மைக்செட்காரர்களைவிட நோம்பிக் குழுவினருக்கும் கல்லூரி விழாக் குழுவினருக்கும் உரியது. முன்பணம் கொடுக்கும்போதே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள பகிர்வுப் பெட்டி வருகிறதா, ஜெனரேட்டரின் நியூட்ரல் எங்கே எர்த் செய்யப்படும் என்று கேளுங்கள். கட்டி முடிக்க அரைநாள் கூடுதலாகக் கொடுத்து அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். மைக்கைத் தட்டிப் பார்ப்பதற்கு முன், குழுவில் ஒருவர் பகிர்வுப் பெட்டியருகே சென்று ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும். அழுத்தியதும் மின்சாரம் நிற்கவில்லையென்றால் அன்றைய நிகழ்ச்சியைத் தொடங்காதீர்கள்.